மேடில்லாத ஊரின் மூன்றாம் வளைவு

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் படியேறி வந்த மாக்கிறட் அம்மா, கதிரையில் உட்காரும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"செத்துப்போன ஒருத்தன் மோட்டச்சைக்கிளில வந்து என்ர மனுசனைக் கூப்பிடுறான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூண்டு மணிக்கு. இண்டைக்கு அவர் போகப்போறாராம். நீங்கள்தான் மறிக்க வேணும்."

மன்னார் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது இராசேஸ்வரியின் துப்பறியும் கந்தோர். நறுவிலிக்குளத்து வயல்காரக் குடும்பத்துப் பெண் அவள். இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தவள். நொறுங்கிய வாகனங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எப்படி நொறுங்கின என்று அறிக்கை எழுதுவதுதான் வேலை. அதை விட்டுத் துப்பறியத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. மாட்டைத் தொலைத்தவர்கள் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையைத் தொலைத்தவர்களும் வந்திருக்கிறார்கள். பேயை மறிக்கச் சொல்லி இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை.

"பேய் என்ன மொடல்?" என்று கேட்டான் வஸீர்.

வஸீர் அவளுடைய உதவியாளன். சொந்தமாக ஒரு ஓட்டோ வைத்திருப்பவன். வாய்க்கு மட்டும் பிறேக் பூட்டாமல் பிறந்துவிட்டான். இராசேஸ்வரி முறைத்தாள். மாக்கிறட் அம்மா கோபிக்கவில்லை.

"நாப்பத்தாறு வருசத்துக்கு முந்தின மொடல், தம்பி," என்றார்.

கதை இதுதான். அவருடைய கணவர் றெனால்ட், பேசாலையில் வள்ள இன்ஜின்கள் திருத்துகிறவர், எழுபத்து மூன்று வயது. வாலிபத்தில் பள்ளிமுனைப் பஸ்ரியன் என்பவனுக்கு அவர்தான் மெக்கானிக்காக இருந்தார். எழுபத்தொன்பதாம் ஆண்டு இரண்டு பேரும் மலைநாட்டுக்கு, ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடந்த மோட்டார் சைக்கிள் மலையேற்றப் பந்தயத்துக்குப் போனார்கள். போனது இரண்டு பேர். உயிரோடு திரும்பி வந்தது ஒருவர்.

"அண்டையிலயிருந்து மனுசன் கோயிலுக்குள்ள கால் வைக்கிறதில்லை. பூசை முடியுமட்டும் வாசல்ல நிப்பார். பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை எடுக்கிறதில்லை. என்ன எண்டு கேட்டா வாயைத் திறக்கமாட்டார். இப்ப ரெண்டு கிழமையா அந்தச் சத்தம் கேக்குது. போன வருசம்தான் நெஞ்சுக்குள்ள குழாய் வச்சது. இண்டைக்கு நடுரோட்டில நிக்கப்போறன், அவன் அடிச்சுக்கொண்டு போகட்டும் எண்டு சொல்லுறார். கதவைப் பூட்டினா மதிலால ஏறிக் குதிக்கிறார்."

"நீங்களும் கேட்டனீங்களோ அந்தச் சத்தத்தை?"

"கேட்டனான். அவருக்கு மட்டும் கேட்டிருந்தா டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருப்பன். எனக்கும் கேட்டதாலதான் உங்களிட்டை வந்தனான்."

நியாயமான பேச்சு. இராசேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பேசாலை வீட்டு முற்றத்தில் ஒரு வள்ள இன்ஜின் துண்டு துண்டாகப் பிரிந்து சாக்கில் கிடந்தது. றெனால்ட் அதன் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு. வந்தவர்களைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. மனைவி யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அது அவன்தான் தங்கச்சி," என்றார். "வேற ஒருத்தரும் இல்லை. இன்ஜின்ர குரலை எனக்குத் தெரியாதோ. மூண்டாம் கியரில முக்கிக்கொண்டு வருவான். பிறகு ஒரு இடத்தில ரெண்டுக்கு இறக்குவான். இந்தத் தட்டை ரோட்டில ஆர் கியர் இறக்கி ஓடுறது? மலையில மூண்டாம் வளைவில எப்பிடி இறக்கினானோ, அதே இடைவெளி, அதே இழுவை."

"மன்னாரில மலை எங்க இருக்கு?" என்றான் வஸீர். "நான் இந்த ஓட்டோவை ஏத்தின பெரிய ஏத்தம் ஆஸ்பத்திரி வாசல்தான்."

றெனால்ட் முதன்முதலாக லேசாகச் சிரித்தார். "எங்களுக்குச் சோளகக் காத்துத்தான் மலை, தம்பி. இஞ்சயிருந்து தென்கடலுக்குப் போற கிறவல் மண் ரோட்டில ஓடினா, காத்து நெஞ்சில கையை வச்சுத் தள்ளும். மூண்டு மணிக்குத்தான் அது உச்சம். மலையில எத்தினை வளைவோ அத்தினை அடையாளம் வழி முழுக்க வைப்பம். எந்த வளைவில எந்தக் கியர் எண்டு அதில எழுதி வைப்பம். அப்பிடித்தான் மலையைப் பழகினது. மலைநாட்டுக்காரர் எங்களைப் பாத்துச் சிரிச்சவை. ஓடி முடிய ஒருத்தரும் சிரிக்கேல்லை."

"முதலாவதா வந்தவரோ?"

"எங்கட பிரிவில அவன்தான் முதல்." அவர் கையிலிருந்த துணி நின்றது. "அங்க ஒரு வழக்கம் இருக்கு. ஒவ்வொருத்தராத்தான் ஏறுவினம். உச்சியில எல்லாரும் காத்து நிப்பினம். கடைசி ஆளும் ஏறினாப் பிறகு, இன்ஜினை நிப்பாட்டிப்போட்டு ஒண்டா இறங்கி வருவினம். ஒரு சத்தமும் இருக்காது. சில்லு உருளுற சத்தம் மட்டும்தான். சனம் ரெண்டு பக்கமும் நிண்டு கை தட்டும். நானும் தட்டிக்கொண்டு நிண்டனான். எல்லாரும் வந்தாச்சு, இவனைக் காணேல்லை. மூண்டாம் வளைவில திரும்பாமல் நேரா இறங்கிப்போட்டான்."

முற்றத்தில் காற்று எழும்பி பக்கத்து வீட்டு வேலியின் ஓலைக் கிடுகுகளைப் படபடவென்று அடித்தது.

"நான்தான் அவனைக் கொண்டது," என்றார் றெனால்ட். "பாரம் குறையட்டும் எண்டு முன் பிறேக்கை முதலே கழட்டிப்போட்டம். பின் பிறேக் மட்டும்தான் மிச்சம். காலமை செயின் ஓடுற பெரிய பல்லுச்சில்லு போடுறதுக்குப் பின் சில்லைக் கழட்டினனான். அதுக்குப் பிறேக் கம்பியை விடுவிக்க வேணும். திரும்பப் பூட்டேக்க அந்தக் கம்பியைக் கொளுவ மறந்திட்டன். பள்ளத்தில கிடந்த மோட்டச்சைக்கிளில அது தொங்கிக்கொண்டு கிடந்தது. கண்ணால பாத்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

குசினி வாசலில் நின்ற மாக்கிறட் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் சோறு போட்ட மனுசிக்கே இது இன்றுதான் தெரியும். அவர் அழவில்லை, ஏசவில்லை. வாசலில் கிடந்த கணவரின் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் எங்கேயோ ஒளித்துவிட்டு வந்தார்.

இராசேஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "ஐயா, மறந்தது ஞாபகம் இருக்கோ?"

"மறந்தது எப்பிடித் தங்கச்சி ஞாபகம் இருக்கும்?"

"சரி. கொளுவினது ஞாபகம் இருக்கோ?"

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை கொளுவினது எண்டுதான் சொல்லுது. ஆனா கண் தொங்கினதைப் பாத்ததே. நான் கண்ணைத்தான் நம்ப வேணும்."

அறிக்கை எழுதிய காலத்தில் இராசேஸ்வரி கண்ணை நம்பி இரண்டு தடவை ஏமாந்திருக்கிறாள். அதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று மணிவரை அவரை வீட்டில் வைத்திருக்கும்படி மாக்கிறட் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தென்கடல் ரோட்டின் எல்லையில் காற்றாலைகள் வரிசையாக நின்று கை சுற்றிக்கொண்டிருந்தன. உச்சி வெயில். ஒரு குருவி இல்லை. இந்த வெளியில் பேய் பகலில்தான் உலாவும் என்று யாராவது சத்தியம் செய்தால் இராசேஸ்வரி மறுத்திருக்க மாட்டாள். மணல் பாம்பு மாதிரி ரோட்டில் நெளிந்து நெளிந்து ஓடியது. பார்க்க என்னவோ போலிருந்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ," என்றான் வஸீர். "உங்களுக்குப் பயமில்லையோ?"

"பேய்க்கு இந்த ரோட்டு மனப்பாடம், வஸீர். அது ஏன் ஒவ்வொரு நாளும் வந்து பழகுது?"

அவள் கை காட்டிய இடத்தில், ரோட்டோரத்து முட்பற்றையில் ஒரு வலை மிதப்பு கட்டித் தொங்கியது. நூல் புதிது. நூற்றைம்பது மீற்றர் தள்ளி இன்னொன்று. ஆறு மிதப்புகளையும் அவர்கள் எண்ணினார்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பெயின்ரில் ஒரு எண் இருந்தது. 3, 3, 2, 3, 2, 1.

"எழுதினவருக்கு எண்ணத் தெரியாது போல," என்றான் வஸீர்.

"நல்லாத் தெரியும். இது வளைவின்ர இலக்கம் இல்லை, கியரின்ர இலக்கம். மூண்டாவது மிதப்பில ரெண்டு. றெனால்ட் ஐயாவுக்குக் கேட்டது அதுதான்."

ரோட்டின் பேசாலைப் பக்கத்து முனையில், பற்றைகள் காற்றை மறைத்த இடத்தில், நேற்றைய தடம் அழியாமல் கிடந்தது. ஒரு மோட்டார் சைக்கிளின் தடம். திரும்பி வந்து நின்ற தடம். அதன் இரு பக்கமும் இரண்டு கோடுகள், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு மண்ணைக் கீறிக்கொண்டு வந்து முடிந்திருந்தன. பிறகு தடம் பனங்கூடலுக்குள் இறங்கி, உதிர்ந்த ஓலைகளில் மறைந்துபோனது.

வஸீர் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தான். "பேய்க்குக் கால் இல்லை எண்டு சொல்லுவினம். இதுக்கு ரெண்டும் இருக்கு. தேய்ச்சுக்கொண்டும் வந்திருக்கு."

இராசேஸ்வரி அந்தக் கோடுகளைப் படம் எடுத்தாள். அவற்றின் அர்த்தம் அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய கவனம் மிதப்பின் நிறத்தில் இருந்தது. பாதி நீலம், பாதி வெள்ளை, நடுவில் ஒரு சிவப்புக் கீறு. கடலில் வலை கலந்துவிட்டால் யாருடையது என்று தெரிய, இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீடும் மிதப்புக்குத் தனி நிறம் அடிப்பது வழக்கம். ஒரு வீட்டு நிறத்தை இன்னொரு வீடு தொடாது.

"வஸீர், இந்த நிறம் ஆருடையது எண்டு பிடி. ஆளைக் கண்டு, இண்டைக்கு ஒரு நாள் ஓடாதேங்கோ எண்டு சொன்னாப் போதும்."

"ஜும்ஆவுக்குப் போறன். தொழுகை முடியப் பள்ளிவாசல் முன்னுக்கு மன்னார் மீன் முதலாளிமார் எல்லாரும் நிப்பினம். ஒருத்தருக்குத் தெரியாட்டிலும் இன்னொருத்தருக்குத் தெரியும்."

பட்டினம் போகும் வழியில் அவன் பள்ளிவாசலுக்குள் போனான். இராசேஸ்வரி ஓட்டோவில் காத்திருந்தாள். ஒன்றேகால் மணிக்கு அவன் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. பகிடி ஒன்றையும் காணவில்லை.

"கண்டுபிடிச்சாச்சு அக்கா. பள்ளிமுனையில ஒரே ஒரு வீட்டு நிறம். தலைமுறையா அவைக்குத்தான்." அவன் ஓட்டோவை உடனே எடுக்கவில்லை. "செத்துப்போன பஸ்ரியன்ர வீடு."

பள்ளிமுனை வீட்டில் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார் றஞ்சிதா, பஸ்ரியனின் தங்கை. வயது அறுபத்தெட்டு. யாராவது ஒருநாள் இதைக் கேட்டு வருவார்கள் என்று காத்திருந்தவர் போல, கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"அண்ணன்ர மகள் நிறஞ்சலாதான். அவர் செத்து நாலு மாசத்தில பிறந்தவள். பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறாள். அண்ணி உயிரோட இருக்குமட்டும் இந்த வீட்டில மோட்டச்சைக்கிள் எண்டு ஒரு சொல்லுக் கதைக்க ஏலாது. அண்ணி போய் ரெண்டு வருசம். ஆறு மாசத்துக்கு முந்தி, மலைநாட்டில அந்தத் தோட்டத்துக் கராஜிலயிருந்து றொகான் எண்டு ஒரு பெடியன் கோல் எடுத்தான். உங்கட ஆளின்ர வண்டியை எங்கட அப்பா பாத்துப் பாத்து வச்சிருந்தவர், அவரும் செத்துப்போனார், உங்களுக்கு வேணுமோ எண்டு. மரக்கறி லொறியில வந்து இறங்கினது."

"ஏன் ஒளிச்சு ஓடுறா?"

"டீச்சர் ரோட்டில பந்தயம் ஓடுறா எண்டு சனம் கதைக்கும் எண்டுதான். அடுத்த மாசம் அதே மலையில பழைய மோட்டச்சைக்கிளுகளை ஏத்துகினமாம். அப்பா ஏறின மலையை அப்பாவின்ர வண்டியில ஏற வேணுமாம். அண்ணன் மிதப்பில கியர் எழுதிப் பழகினதை நான்தான் சொன்னனான், மலையின்ர வளைவையும் வழக்கத்தையும் றொகான் சொன்னவன். இன்ஜினை மட்டும்தான் திருத்த விட்டவள். மிச்சத்தில ஒருத்தரையும் கைவைக்க விடேல்லை. அப்பா விட்ட மாதிரியே இருக்கட்டும் எண்டு."

சுவரில் ஒரு சின்னத் தட்டு. அதில் மாதாவின் சுரூபம், பக்கத்தில் பஸ்ரியனின் படம். இருபத்தைந்து வயது. காது இரண்டும் விரிந்து, எதற்கோ அவசரப்படுகிற முகம். படத்துக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தன இரண்டு வளைந்த இரும்புகள், அரை நிலா மாதிரி. நீலப் பெயின்ற் அடித்து, மெழுகுதிரி வடிந்து வடிந்து மேலே மொத்தமாகப் படிந்திருந்தது.

"இது என்ன?"

"அண்ணன்ர உடுப்புப் பையுக்குள்ள கிடந்தது. உடுத்துற சாரத்தில பத்திரமாச் சுத்தி வச்சிருந்தவர். என்ன சாமான் எண்டு தெரியாது. அவர் கையால சுத்தினது எண்டு அண்ணி எறிய விடேல்லை. வள்ளத்துக்கு அடிச்ச மிச்சப் பெயின்ரை அடிச்சு வச்சவ."

எங்கோ பார்த்த வளைவு என்று இராசேஸ்வரிக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை. நிறஞ்சலாவுக்குக் கோல் எடுக்கும்படி கேட்டாள். றஞ்சிதா எடுத்தார். உள்ளறையில் மணி அடித்தது. சார்ஜில் போட்டபடி விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

மணி இரண்டு பத்து. ஓட்டோ அந்த ஒடுங்கிய ஒழுங்கையின் முனைவரை வந்தது.

"ஏனக்கா இந்த அவதி?" என்றான் வஸீர். "பேய் இல்லை எண்டு தெரிஞ்சு போச்சு. ஓடுறது ஒரு கணக்கு டீச்சர். நடுரோட்டில ஒரு கிழவன் நிண்டா கண் தெரியாதோ? பிறேக்கைப் பிடிப்பா தானே."

பிறேக் என்ற சொல்லில் இராசேஸ்வரியின் மனம் மாட்டிக்கொண்டது. மண்ணைக் கீறிய இரண்டு கோடுகள். அரை நிலா மாதிரி இரண்டு இரும்புகள். அப்பா விட்ட மாதிரியே இருக்கட்டும்.

"வஸீர், ஓட்டோவைத் திருப்பு."

"என்ன?"

"அந்தக் கோடு சப்பாத்துக் கோடு. அவ காலைத் தேய்ச்சு நிப்பாட்டுறா. அந்த மோட்டச்சைக்கிளுக்குப் பிறேக் இல்லை. பிறேக் அந்த வீட்டில படத்துக்கு முட்டா நிக்குது."

இரும்புகள் இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் திரும்பி ஓடி வந்தபோது இரண்டு இருபது. தலைமன்னார் ரோட்டில் சோளகம் பக்கவாட்டில் அடித்தது. ஓட்டோ ஒரு பக்கம் சரிந்து சரிந்து ஓடியது. இரண்டு நாற்பதுக்கு மாக்கிறட் அம்மாவின் கோல் வந்தது.

"ஆளைக் காணேல்லை பிள்ளை. செருப்பை அலுமாரிக்குள்ள ஒளிச்சனான். வெறுங்காலோட போயிட்டார்."

இராசேஸ்வரி அந்த ரோட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏறும்போது ஆபத்துப் பெரிதாக இல்லை. எதிர்க்காற்றில் அக்சிலேற்றரை விட்டாலே வண்டி நின்றுவிடும். திரும்பி வரும்போதுதான் ஆபத்து. காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். மலைக்காரரின் வழக்கப்படி இன்ஜினும் நிறுத்தியிருக்கும். நிறுத்த இருப்பது ஒரு சோடி சப்பாத்து. நாற்பத்தாறு வருடத்துக்கு முன் நடந்ததும் இதேதான்.

கிறவல் ரோட்டுக்குள் அவர்கள் திரும்பியபோது மூன்று மணி கடந்திருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தை இராசேஸ்வரி தன் காதால் கேட்டாள். ஒற்றைச் சிலிண்டரின் கனத்த குரல், காற்றுக்குள் முக்கி முக்கித் தூரப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் கியர் இறங்கியது. தட்டையான நிலத்தில், கண்ணுக்குத் தெரியாத மலையொன்றில் யாரோ ஏறினார்கள். கதை முழுவதும் தெரிந்திருந்தும் அவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது. உச்சிக்குப் போனதும் சத்தம் நின்றது.

மூன்றாவது மிதப்புக்குப் பக்கத்தில், ரோட்டின் நடுவில், வெள்ளைச் சாரத்தோடு ஒரு உருவம் தெற்கே பார்த்து நின்றது.

"ஐயா," என்று அவள் கத்தினாள். காற்று அந்தச் சொல்லை அப்படியே பின்னால் கொண்டு போய்விட்டது. மணல் குவிந்த இடத்தில் ஓட்டோவின் சில்லுப் புதைந்தது. இரண்டு பேரும் குதித்து ஓடினார்கள்.

தூரத்தில் புழுதிக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. சத்தமே இல்லை. அது பெரிதாகிக்கொண்டு வந்தது. தலைக்கவசத்தைப் பெற்றோல் தாங்கியில் பதித்துக் குனிந்து வந்தவள் நிமிர்ந்தபோது முன்னால் கிழவர் நின்றார். இரண்டு கால்களும் நிலத்தில் இறங்கிப் புழுதியைக் கிளப்பின. வண்டி நிற்கவில்லை.

சாக வந்த மனிதர் அப்போது செய்ததை இராசேஸ்வரி பிறகு யாரிடம் சொன்னாலும் குரல் மாறிவிடும். றெனால்ட் அந்தக் கால்களைப் பார்த்தார். அவ்வளவுதான். வலது கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டில போடு," என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். "ரெண்டில போட்டுக் கிளச்சை விடு. மணலுக்குள்ள திருப்பு."

மூன்றாம் மிதப்பு, இரண்டாம் கியர். அவளுக்கு அது மனப்பாடம். வண்டி ஒரு தடவை வெட்டி உதறியது, இன்ஜின் உறுமிப் பிடித்தது, பின்சில்லு இழுபட்டது. கிழவருக்கு இரண்டு முழம் இப்பால் திரும்பி, மணலுக்குள் புதைந்து, பக்கமாகச் சாய்ந்தது.

நிறஞ்சலா எழுந்து உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள். விரிந்த காதுகள். அவசரப்படுகிற முகம். நாற்பத்தைந்து வயதுவரை வாழ்ந்திருந்தால் பஸ்ரியன் இப்படித்தான் இருந்திருப்பான். றெனால்ட் மணலில் அப்படியே குந்திவிட்டார்.

"வந்திட்டியோடா," என்றார்.

"நான் நிறஞ்சலா, அங்கிள். அவரின்ர மகள்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஏன் நடு ரோட்டில நிண்டனீங்கள்? உங்களை அடிச்சிருப்பன்."

இராசேஸ்வரி கைப்பையைத் திறந்து இரண்டு இரும்புகளையும் அவர் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணால் பார்க்க முதல் கையால் பார்த்தார். பெருவிரல் நகத்தால் மெழுகைச் சுரண்டினார். பெயின்ரைச் சுரண்டினார்.

"பின் சில்லை உள்ளுக்கயிருந்து அழுத்திப் பிடிக்கிற பிறேக் சூ," என்றார். "இது எங்கயிருந்து வந்தது?"

"பஸ்ரியன்ர உடுப்புப் பையுக்குள்ள, சாரத்தில சுத்தி இருந்ததாம். மலையிலயிருந்து சவத்தோட வந்த பை. ஐயா, சூ உள்ளுக்கு இல்லாட்டி, கம்பியைக் கொளுவினால் என்ன, கொளுவாட்டி என்ன?"

றெனால்ட் இரண்டு இரும்புகளையும் வட்டமாகச் சேர்த்துப் பார்த்தார்.

"பந்தயத்துக்கு முதல் நாள் கேட்டவன்," என்றார். "முன்னதைத்தான் கழட்டியாச்சே, பின்னதையும் கழட்டினா இன்னும் பாரம் குறையுமே எண்டான். ஏசினனான். எங்கட ஊரில நான் செருப்பைத் தேய்ச்சுத்தானே நிப்பாட்டுறனான் எண்டான். அண்டைக்குக் காலமை நான் பல்லுச்சில்லைப் பூட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனனான். அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வரேக்க அவன் கையைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சவன்." அவர் வலது கையைப் பார்த்தார். "நான் கொளுவினனான். கை சரியாத்தான் சொன்னது. அவன் கழட்டினவன்."

மன்னார்காரன் ஒருவனைத் தவிர வேறு யாரும் அந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. மலையை ஏறுவதற்குக் காற்றை வைத்து அவர்கள் பழகினார்கள். மேட்டைச் செய்யக் காற்று இருந்தது. பள்ளத்தைச் செய்ய அந்தத் தீவில் ஒன்றுமில்லை. இறங்குவது என்று ஒன்று இருக்கிறதென்பதே பஸ்ரியனுக்குத் தோன்றவில்லை.

றெனால்டுக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. "விசரன்," என்று தாங்கியில் உள்ளங்கையால் அடித்தார். "விசரன். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா. நாப்பத்தாறு வருசம்." பிறகு அந்தத் தாங்கியிலேயே முகத்தை வைத்து அழுதார். நிறஞ்சலாவும் அழுதாள். வஸீர் காற்றாலைகளை எண்ணுவது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

அழுகை ஓய்ந்ததும் அவர் சாரத்தால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பின்சில்லைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, ஓட்டோவில ஸ்பானர் கிடக்கோ?"

"கிடக்கு ஐயா. பேய் ஓட்ட எண்டுதான் கொண்டு வந்தனான்," என்றான் வஸீர். குரல் அவ்வளவு தெளிவாக இல்லை.

"இந்தச் சூ சரிவராது. லைனிங் உக்கிப்போச்சு. புதுசு ஒட்ட வேணும். முன்னுக்கும் ஒரு பிறேக் போட வேணும். ரெண்டு கிழமை தா."

நிறஞ்சலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப நான் மலைக்குப் போகலாமோ அங்கிள்?"

"ஏறுறதுக்கு உனக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. ரெண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன், தேப்பனை விடத் திறம். இறங்கத்தான் உங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. நானும் கூட வாறன். நான் சொல்லுமட்டும் நீ அந்த உச்சியிலயிருந்து இறங்கப்படாது."

பேசாலைப் பக்கமிருந்து மாக்கிறட் அம்மா வந்துகொண்டிருந்தார். சேலைத் தலைப்பைக் காற்று பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு கையில் கணவரின் செருப்பு. வந்து, மணலில் கிடந்த வண்டியையும், அழுத கண்ணோடு நின்ற பெண்ணையும், அவள் காதுகளையும் பார்த்தார். செருப்பைக் கணவரின் காலடியில் வைத்தார்.

றெனால்ட் செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நானும் உள்ளுக்க வாறன், மாக்கிறட்," என்றார். "வாசல்ல சரியான வெயில்."